கற்பூரம் மணத்த லென்ஸ்

நம்ம கல்கத்தா தமிழ்ச் சங்கத்து மலர்ல வருஷா வருஷம் எல்லாரும் எழுதுறாங்க. பேங்க்ல ஆபீசரா இருந்தவங்க, ரயில்வேல பெரிய பதவியில இருந்தவங்க, அலிப்பூர் கோர்ட்ல வக்கீலா இருந்தவங்க. இந்த வருஷம் என்னயும் கேட்டுட்டாங்க. "எனக்கு எழுதவே தெரியாதே கண்ணு"ன்னேன். "நீங்க பேசுங்க, நாங்க எழுதிக்கறோம்"னு சொல்லி, சங்கத்துலேர்ந்து வந்த பொண்ணு செல்போன மேசை மேல வெச்சுட்டா. எனக்கு ஒரே சிரிப்பு. புஸ்தகத்துல என் பேரு வரப்போவுது, அது எந்தப் பக்கத்துல இருக்குன்னு நான் இன்னொருத்தரக் கேட்டுத்தான் தடவிப் பாக்கணும். ஆனாலும் சந்தோசமா இருக்கு. மனசுக்குத்தான் சந்தோசம். ஒடம்பு எதுக்கும் வர மாட்டேங்குது. முட்டி ரெண்டும் போயிடுச்சு. காளிகாட்லேர்ந்து மெட்ரோ ஏறி, தர்மதலாவுல எறங்கி, அந்த சந்துக்குள்ள போயி, செங்குத்தா நிக்கிற மரப்படியில ஏறி ஏறித் தேஞ்சுபோச்சு. இப்ப மத்தியானம் சாப்பிட்டா தூங்குறேன். சாப்பிடலன்னாலும் தூங்குறேன்.

"என்ன வேலை பாத்தீங்கன்னு சொல்லுங்க"ங்குது இந்தப் பொண்ணு. பழைய கேமரா லென்ஸ வாங்கி விக்கிற கடையில, லென்ஸுக்கு உள்ள என்ன கோளாறுன்னு பாத்துச் சொல்ற வேலை. அவ்வளவுதான். கேக்குறவங்க எல்லாம் ஒரு நிமிஷம் முழிப்பாங்க. அதுக்குன்னு ஒரு ஆளான்னு. ஆமா, அதுக்குன்னு ஒரு ஆளு. கல்கத்தாவுல வேணும்.

எங்கப்பா கார்டன் ரீச்ல ரயில்வேல கலாசி. நான் பொறந்தது வளந்ததெல்லாம் அங்க குவார்ட்டர்ஸ்லதான். ஊரு திண்டிவனம் பக்கம்னு சொல்லுவாங்க, நான் போனது ரெண்டு கல்யாணம் ஒரு சாவுக்கு. வீட்டுக்காரருக்கு ஒடம்பு முடியாம போனப்ப அந்தக் கடையில பெருக்கித் தொடைக்கிற வேலைக்குச் சேந்தேன். என் பேரு பச்சையம்மா. மொத நாளு முதலாளி பேரு கேட்டாரு, சொன்னேன். கடையில இருந்த எல்லாரும் கொல்லுன்னு சிரிச்சாங்க. பெங்காலில பொச்சான்னா அழுகிப்போனதுன்னு அர்த்தமாம். முதலாளி மட்டும் சிரிக்கல. "இவங்கள அம்மான்னு கூப்பிடுவோம்"னுட்டாரு. என்னவிட வயசுல பெரியவரு. கடைசி வரைக்கும் அம்மாதான்.

பாதுரி பாபுன்னு பேரு அவருக்கு. பேச்சு ரொம்பக் கம்மி. காலேஜ் பையன் வந்தாக்கூட நீங்க வாங்கன்னுதான் சொல்லுவாரு. லென்ஸ வெறும் மேசையில வெக்க விட மாட்டாரு. பைக்குள்ளேர்ந்து தொவச்சுத் தேச்ச கைக்குட்டை ஒண்ண எடுத்து, நாலா மடிச்சு, ஓரம் நீவிவிட்டு, அதுக்கு மேலதான் வெக்கணும். வாங்க வந்தவனுக்கு அவசரமா இருக்கும், பஸ்ஸு போயிடும்பான். அவரு பாட்டுக்கு நீவிக்கிட்டு இருப்பாரு.

ஒரு நாளு நான் மேசையத் தொடைச்சுக்கிட்டு இருந்தேன். வெளிச்சத்துக்கு நேரா ஒரு லென்ஸப் புடிச்சுக்கிட்டு, "அம்மா, உள்ள என்ன தெரியுது?"ன்னாரு. அவருக்கு சக்கரை வியாதி, கண்ணுல எந்நேரமும் தண்ணி. நான் பாத்தேன். "சிலந்திக் காலு மாதிரி இருக்கு பாபு"ன்னேன். "எந்தப் பக்கம்?" "ஓரத்துலேர்ந்து நடுவுக்கு வருது." அதுக்கப்புறம் வெளக்குமாத்த வேற ஒருத்திகிட்ட குடுத்துட்டு என்னய ஸ்டூல்ல உக்கார வெச்சுட்டாரு. கத்துக்கிட்ட கதையெல்லாம் சொன்னா விடிஞ்சுடும். கத்துக்கிட்டேன். அவ்வளவுதான்.

எப்படிப் பாக்குறதுன்னு மட்டும் சொல்றேன். இப்பத்தான் சின்னப் புள்ளைங்க எல்லாம் பழைய லென்ஸத் தேடித் தேடி வாங்கி, புது கேமராவுல ஒரு வளையத்த மாட்டிப் போட்டுக்குதுங்களே. போன் டார்ச்ச நேரா உள்ள அடிச்சுட்டு "கிளியர்"ங்குதுங்க. நேரா அடிச்சா ஒண்ணும் தெரியாது, கண்ணுதான் கூசும்.

மொதல்ல பின்னாடி மூடியத் தொறந்த ஒடனே மோந்து பாக்கணும். சிரிக்காதீங்க. பாக்குறதுக்கு முன்னாடி மூக்கு. பூசணம் புடிச்சிருந்தா பழைய ட்ரங்குப் பெட்டி வாசனை வரும். சமையக்கட்டுல வெச்சிருந்தா இலிஷ் மீன் வாசனை வரும், அதுக்கு எண்ணெய்ப் பிசுக்கும் இருக்கும். அப்புறம் காதுகிட்ட வெச்சு வளையத்தத் திருப்பணும். கரகரன்னா திகா கடற்கரைக்குப் போயிட்டு வந்திருக்கு, மணலு. அதுக்கப்புறம்தான் கண்ணு. உள்ள பூ மாதிரி விரிஞ்சு சுருங்குற தகட்ட முழுசாத் தொறந்து வெச்சுக்கணும். பின்னால கறுப்புத் துணி. டார்ச்ச ஒரு பக்கமாச் சாய்ச்சு அடிச்சு, நாம இன்னொரு பக்கம் சாஞ்சு பாக்கணும். கொஞ்சம் கொஞ்சமாத் திருப்பணும். ஒரே எடத்துல பாத்தா ஏமாத்திடும்.

உள்ள தூசி இருந்தா ஒண்ணும் இல்ல. எல்லா லென்ஸுலயும் தூசி இருக்கும், போட்டோவுல வராது. சனங்க அதப் பாத்துத்தான் அலறும். நூலு நூலா வந்தா ஃபங்கஸ். இந்த ஊரு ஈரத்துக்கு அது வராத வீடு இல்ல. சரஸ்வதி பூஜைக்குக் கடையில இருக்குற லென்ஸ எல்லாம் சாமி முன்னாடி வரிசையா வெப்போம், ஃபங்கஸ் புடிச்சத மட்டும் மூடி போட்டுத் தனியா ஒரு ஓரத்துல. மத்ததுக்கு ஒட்டிக்கும்னு பாபுவுக்கு பயம். சாமிக்கு முன்னாடி இப்படிப் பிரிச்சு வெக்கிறோமேன்னு எனக்கு மனசுக்கு ஒரு மாதிரி இருக்கும். குளிச்சுட்டு வந்து கண்ணாடி பாத்தா மொகம் மங்கலாத் தெரியுமே, அப்படி இருந்தா ஹேஸ். எண்ணெய் ஆவி படிஞ்சா அப்படி ஆவும், தொடைச்சா போவும். ரெண்டு கண்ணாடிய ஒண்ணா ஒட்டி வெச்சிருப்பாங்க, அந்தப் பசை விட்டுப்போனாலும் மங்கும். அதுதான் மோசம். அது வந்துட்டா தூக்கிப் போட வேண்டியதுதான்.

எல்லாம் பாத்து முடிச்சதும் பாபு ஒரே ஒரு கேள்வி கேப்பாரு. "கீ ஆச்சே?" என்ன இருக்கு. நான் என்ன இருக்குன்னு சொல்லணும். எப்படி வந்துச்சு, யாரு பண்ணது, அதெல்லாம் சொல்லக் கூடாது. வாயத் தொறந்தா ஒரு வெரலத் தூக்குவாரு. ஏன்னா எனக்கு முன்னாடி இருந்த மெக்கானிக் ஒருத்தன், புதுசாக் கல்யாணம் ஆன புருஷன் பொண்டாட்டி லென்ஸக் கொண்டாந்தப்ப, "இத யாரோ கீழ போட்டிருக்காங்க, உள்ள கண்ணாடி நகந்திருக்கு"ன்னுட்டானாம். அந்தப் பொண்ணு புருஷனத் திரும்பிப் பாத்திருக்கு. அவன் மூஞ்சி மாறியிருக்கு. அப்புறம் என்ன, அங்கயே ஆரம்பிச்சுட்டாங்களாம், அவன் அம்மா வரைக்கும் போச்சாம். அதுலேர்ந்து பாபு சொல்றது இதுதான்: "கண்ணாடிக்குள்ள இருக்குறதச் சொல்லுங்க அம்மா. வீட்டுக்குள்ள போகாதீங்க."

கஷ்டமான கேஸு ஒண்ணு சொல்லணுமாம். எல்லாமே கஷ்டந்தான், முதுகு ஒடிஞ்சுடும். ஆனா ஒண்ணு இருக்கு. நான் வேலைய விடுறதுக்குக் கொஞ்சம் முன்னாடி.

துர்கா பூஜை வருது. கடையில நிக்க எடம் இல்ல. பந்தல் பந்தலாப் போயிப் படம் எடுக்கணும்னு ஊரே லென்ஸ் வாங்க வரும். அப்ப ஒரு பெரியவரு படியேறி வந்தாரு. கையில குடை, அக்குள்ள ஒரு பிஸ்கட் டப்பா. பாபுகிட்ட இந்தில என்னமோ தடுமாறுனாரு. நான் மூஞ்சியப் பாத்தேன், நம்ம ஆளுன்னு தெரிஞ்சுபோச்சு. "என்னண்ணே வேணும்?"னேன். அவருக்குப் பாதி உசுரு திரும்பி வந்தாப்ல இருந்துச்சு.

ரத்தினம்னு பேரு. கார்டன் ரீச்ல ரயில்வே ஆபீஸ்ல இருந்து ரிட்டயர் ஆனவரு. நாங்க இருந்த குவார்ட்டர்ஸுக்கு ரெண்டு தெரு தள்ளிக் குடியிருந்தவரு. பேசப் பேச எங்கப்பாவக்கூடத் தெரியும்னாரு. எனக்கு ஒரே சந்தோசம், கூட்டத்த மறந்துட்டு பழைய கதையப் பேச ஆரம்பிச்சுட்டேன். பாபு தொண்டையக் கனைச்சாரு.

டப்பாவத் தொறந்தாரு. உள்ள வெள்ளைத் துணி, அதுக்குள்ள லென்ஸு. எடுத்ததும் எனக்குத் தெரிஞ்சுபோச்சு, இது நம்ம கடையில போன லென்ஸு. முன் வளையத்துல ஒரு சின்ன நசுங்கல், அரிசி மணி அளவுக்கு. நான்தான் பாத்து அனுப்புனது. அப்ப உள்ள சுத்தமா இருந்துச்சு. அவரு மகன் குமரன் மொத மொதல்ல வாங்கின லென்ஸுன்னாரு அண்ணன்.

மூடியத் தொறந்து மூக்குகிட்ட கொண்டுபோனேன். கப்புன்னு கோயில் வாசனை. கற்பூரம்! எத்தனையோ வாசனை பாத்திருக்கேன், லென்ஸுக்குள்ளேர்ந்து கற்பூரம் வந்து பாத்ததில்ல. கன்னத்துல போட்டுக்கலாம்னு இருந்துச்சு. டார்ச்ச அடிச்சேன். பாலு ஊத்தி வெச்சா மாதிரி வெள்ளையா இருக்கு. இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஒண்ணுமே தெரியல.

"கீ ஆச்சே?"

"வெள்ளையா இருக்கு பாபு. எதுனாலன்னு தெரியல. கற்பூரம் மணக்குது."

பாபு வாங்கி மோந்து பாத்தாரு. அந்த மனுஷன் சிரிச்சு நான் பாத்தது ரொம்பக் கம்மி. அன்னிக்கு மீசை அசைஞ்சுது. அப்புறம் மூஞ்சி மாறிடுச்சு. வெறும் கற்பூரம்னா பரவால்ல. பசை விட்டுப்போயிருந்தா ஒண்ணும் பண்ண முடியாது. வெள்ளையா இருக்குற வரைக்கும் எதுன்னு சொல்ல முடியாது. "வெச்சுட்டுப் போகச் சொல்லுங்க"ன்னாரு.

அண்ணன் போக மாட்டேங்குறாரு. படியில பாதி எறங்கிட்டுத் திரும்பி ஏறி வர்றாரு. என்னய வாசப்பக்கம் கூப்பிட்டாரு.

"தங்கச்சி, இது சரியாவுமா ஆவாதா? பூஜைக்குப் பையன் வர்றான். பெங்களூர்லேர்ந்து. இதத்தான் கேட்டான் அவங்கம்மாகிட்ட. அத எடுத்துக்கிட்டுப் போவத்தான் வர்றான்."

"பாக்குறோம்ணே."

"நான் கெடுத்துட்டேன்னு தெரிஞ்சா அதோட முடிஞ்சுது. அப்புறம் அந்த வீட்டுப் படிய மிதிக்க மாட்டான். ஏற்கெனவே வந்து எவ்வளவு நாளாச்சு."

நான் ஒண்ணும் கேக்கல. வீட்டுக்குள்ள போகக் கூடாதே.

மறுநாளு காலையில மூடி ரெண்டையும் எடுத்துட்டு, பழைய குண்டு பல்பு ஒண்ணுக்குக் கீழ அந்த லென்ஸ வெச்சாரு பாபு. ரொம்பக் கிட்ட வெக்கல, கை வெச்சா எதமா சூடு தெரியுற தூரத்துல. தட்டுல வெச்ச கற்பூரம் கொளுத்தாமலே தானாக் கரைஞ்சு போவுதுல்ல, அது மாதிரி போவுதான்னு பாக்கத்தான். எண்ணெய்ப் பிசுக்கா இருந்தா போவாது, பசையா இருந்தாலும் போவாது. நான் மத்த லென்ஸப் பாத்துக்கிட்டே நடு நடுவுல அத எட்டிப் பாப்பேன். கடை பூரா கோயில் மாதிரி மணக்குது. வாங்க வர்றவன் எல்லாம் பூஜையான்னு கேக்குறான். மத்தியானச் சோறு தின்னுட்டு வந்து பாக்குறேன், முன் கண்ணாடி ஓரத்துல வளையமாத் தெளிஞ்சிருக்கு. "பாபு!"ன்னு கத்திட்டேன். கொழந்தை எழுந்து நின்னா கத்துவோமே, அப்படி.

ஆனா நடுவுல இருக்குற கண்ணாடி தெளியல. அது உள்ள மாட்டிக்கிட்டு இருக்கு, காத்து போவாது. பாபு தொறக்கணும். அவரு லென்ஸத் தொறக்குறத உக்காந்து பாக்கணும் நீங்க. மொதல்ல கை கழுவுவாரு. ஃபேன நிறுத்துவாரு. வேத்து ஊத்தும், தொடைக்க மாட்டாரு. ரெண்டு முனை வெச்ச ஒரு சாவி, அத வளையத்துல பதிச்சு, மூச்ச விட்டுட்டுத்தான் திருப்புவாரு. வளையத்துலயும் கூட்டுலயும் ஒரு சின்னக் கோடு போட்டுக்குவாரு, திரும்ப அதே எடத்துல சேக்க. ஒவ்வொரு கண்ணாடியா எடுத்துக் கைக்குட்டையில வரிசையா வெப்பாரு. எது எந்தப் பக்கம் பாத்து இருந்துச்சோ அப்படியேதான் இருக்கும். அந்த நேரத்துல யாரு படியேறி வந்தாலும் நான் வெரலக் காட்டி நிறுத்திடுவேன்.

நடுக் கண்ணாடியத் தொடைச்சாரு. கற்பூரப் படலம் வந்துடுச்சு. பசையும் நல்லா இருந்துச்சு, ஓரத்துல வானவில் நெறம் எதுவும் இல்ல. நான் பெருமூச்சு விட்டேன். "சாய்ச்சுப் பாருங்க"ன்னாரு. சாய்ச்சேன்.

சிலந்திக் காலு.

ஓரத்துல ஒரு கொத்து. உசுரு இல்ல அதுக்கு, பூசணம் தொடைச்சதுலயே போயிடுச்சு. ஆனா இருந்த எடத்துல கண்ணாடிய அரிச்சுட்டுப் போயிருக்கு, நகத்தால கீறின தழும்பு மாதிரி. அது போவவே போவாது.

"கீ ஆச்சே, அம்மா?"

"ஃபங்கஸ் இருந்திருக்கு. செத்துப்போச்சு. தழும்பு நிக்குது. வெளிச்சத்துக்கு எதிர்ல புடிச்சா படத்துல தெரியும்."

அதோட நிறுத்திட்டேன். ஆனா ரெண்டு பேருக்குமே தெரியுது. காத்து புகாத டப்பாவுல கற்பூரம் போட்டு வெச்சா ஃபங்கஸ் வராது. அது வேற எங்கயோ இருந்தப்ப வந்தது. இருட்டுல, ஈரத்துல, யாரும் தொடாம கெடந்தப்ப. அதுக்கு அப்புறந்தான் கற்பூரம். கற்பூரந்தான் அந்தப் பூசணத்த மேல பரவ விடாம நிறுத்தியிருக்கும்னு பாபு சொன்னாரு. எனக்குத் தெரியாது. அவரு சொன்னா இருக்கும்.

அண்ணன் தெனமும் வந்தாரு. வேலை முடியல, கூட்டம். ஒரு நாளு எனக்கும் அவருக்கும் பாபு டீ வாங்கிக் குடுத்தாரு, மண் குவளையில. படி முடியுற எடத்துல நின்னு குடிச்சோம். உக்காந்தா எனக்கு எந்திரிக்க முடியாது. நான் பாத்தத அப்படியே சொன்னேன். கற்பூரம் போயிடுச்சு, பசை நல்லா இருக்கு, பழைய ஃபங்கஸ் தழும்பு ஒண்ணு இருக்கு, அது போவாதுன்னு.

நான் கேக்கவே இல்ல. அவராத்தான் சொன்னாரு.

"நல்ல வேலை தங்கச்சி. ஆபீஸ் வேலை. அத விட்டுட்டு கல்யாணத்துக்குப் படம் எடுக்கப் போறேன்னு நின்னான். கன்னாபின்னான்னு பேசிட்டேன். அவனும் பேசுனான். ராத்திரியோட ராத்திரியா பெங்களூர் கெளம்பிட்டான். கோவத்துல இது கண்ணுல பட்டுது. பாத்ரூமுக்கு மேல பரண் இருக்குல்ல, அப்ப இருந்த குவார்ட்டர்ஸ்ல..."

"தெரியும்ணே. தண்ணி கசியும்."

"அங்க தூக்கிப் போட்டேன். ஒடைக்கத்தான் நெனச்சேன். ஒடைக்க மனசு வரல, போட்டேன். மழை வந்துச்சு, போச்சு, இன்னொரு மழையும் வந்துச்சு. ஒரு நாளு சுவத்துல ஈரத்தப் பாத்தேன். எனக்கு என்னமோ மாதிரி ஆயிடுச்சு. ஏணி போட்டு எறக்குனேன். எங்கம்மா பட்டுப் பொடவைய கற்பூரம் போட்டுத்தான் வெப்பாங்க, அப்பிடியே இருக்கும். நானும் டப்பாவுல போட்டு மூடுனேன். அது கரையக் கரைய புதுசு போட்டுக்கிட்டே இருந்தேன். இது வெள்ளையாவும்னு யாரு கண்டா?"

எனக்குச் சிரிப்பு வருது. டீய முழுங்கிட்டேன்.

"ஒண்ணு பண்ணு தங்கச்சி. அவன் கேட்டா, மழையினால வந்துச்சு, இந்த ஊரு ஈரம், எல்லார் லென்ஸுக்கும் வர்றதுதான்னு சொல்லிடு. நீ சொன்னா நம்புவான்."

"நான் என்ன இருக்குன்னுதாண்ணே சொல்லுவேன். எதுனாலன்னு நாங்க சொல்றதில்ல. யாருக்கும் சொல்றதில்ல."

"அவன் கேப்பானே."

"கேட்டாலும் வாயத் தொறக்க மாட்டேன். அது போதாதா?"

போதாதுன்னுதான் மூஞ்சி சொல்லுச்சு. குடைய எடுத்துக்கிட்டு எறங்கிப் போயிட்டாரு.

லென்ஸ் மாட்டி முடிச்ச அன்னிக்கே குமரன் வந்துட்டான். காலையில வீட்டுக்கு வந்து எறங்கியிருக்கான், லென்ஸ் எங்கன்னு கேட்டிருக்கான், தொடைக்கக் குடுத்திருக்குன்னு அப்பா சொல்லியிருக்காரு, "நானும் வர்றேன்"னு கூடவே கெளம்பிட்டான். நல்ல ஒசரம், தாடி. அவன் முன்னாடி ஏறி வர்றான், அண்ணன் பின்னாடி குடையக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டு வர்றாரு, பரீட்சை ரிசல்ட் பாக்க வந்த புள்ள மாதிரி.

"மாஷி, சௌக்கியமா?"ன்னு பெங்காலிலதான் கேட்டான். மாஷின்னா சித்தி. இங்க வளந்த புள்ளைங்களுக்கு வீட்டத் தாண்டுனா அதுதான் வாயில வரும். பாபு கைக்குட்டைய மடிச்சு நீவி லென்ஸ வெச்சாரு. குமரன் எடுத்தான். தொழில் பாக்குறவன்ல, நான் சொல்லாமலே பின் மூடியத் தொறந்து மோந்தான்.

"கற்பூரமா?"

"ஆமா தம்பி. உள்ள கற்பூரம் படிஞ்சிருந்துச்சு, எடுத்தாச்சு."

திரும்பி அப்பாவப் பாத்தான். அண்ணன் சுவத்துல தொங்குற காலண்டரப் பாத்தாரு. குமரன் டார்ச்ச வாங்கி, சரியா, ஒரு பக்கமாச் சாய்ச்சு அடிச்சான். கொஞ்சம் கொஞ்சமாத் திருப்புனான். எனக்குத் தெரியும் எந்த எடத்துல நிக்கும்னு. நின்னுச்சு.

"இது என்ன மாஷி?"

"பழைய ஃபங்கஸ் தழும்பு. உசுரு இல்ல. எதிர் வெளிச்சத்துல தெரியும்."

"இது எப்ப வந்துச்சு? நான் வாங்குனப்ப இல்லயே."

நான் வாய மூடிக்கிட்டேன். அண்ணன் குடைப் புடியத் திருகுறாரு. அவரு என்னயப் பாக்குறது எனக்குத் தெரியுது. என்ன பண்றது, எத்தனை வருஷமா மூடிப் பழகுன வாயி. தொறக்கணும்னாலும் வர மாட்டேங்குது.

அப்ப பாபு, தன் நாற்காலியிலேர்ந்து, யாரையும் பாக்காம, "போர்ஷா"ன்னாரு. மழைக்காலம்னு. "கல்கத்தா மழை. எல்லார் வீட்டுலயும் வரும்."

இந்த மனுஷன்! யாருக்காவது ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, எதுனால வந்துச்சுன்னு சொன்னவரா? பெத்த மகனே கொண்டாந்து குடுத்தாலும் வெரலத்தான் தூக்குவாரு. நாங்க தமிழ்ல பேசுனது ஒரு வார்த்தை அவருக்குப் புரிஞ்சிருக்காது. ஆனா தெனம் அந்தப் பெரியவரு படியேறி வந்து நிக்கிறதப் பாத்துக்கிட்டுத்தானே இருந்தாரு.

சரி, தப்பிச்சாரு அண்ணன்னு நெனச்சேன். பேசாம இருந்தாப் போதும்.

அவரு இருக்கல.

"இல்லடா"ன்னாரு. தமிழ்ல. "மழை இல்ல. நான்தான். பாத்ரூம் பரண்ல தூக்கிப் போட்டேன். ரெண்டு மழைக்கும் அங்கதான் கெடந்துச்சு."

குமரன் லென்ஸக் கீழ வெக்கல. கையிலயே வெச்சுக்கிட்டு நின்னான். "தெரியும்பா"ன்னான்.

"என்னடா தெரியும்?"

"பரண்ல போட்டது. அம்மா அப்பவே போன்ல சொல்லிட்டா. எப்படியும் போயிருக்கும், இருக்குறத எடுத்துட்டுப் போலாம்னுதான் வந்தேன்." தழும்பு இருக்குற எடத்தக் கட்ட வெரலால வெளியிலேர்ந்து தடவுனான். "கற்பூரத்தத்தான் அம்மா சொல்லவே இல்ல."

"அவளுக்கு எப்பிடித் தெரியும்? சாமி கற்பூரத்தத்தானே எடுப்பேன். வாங்கி வெக்க வெக்கக் காணோம்னு வேலைக்காரிய மாத்திட்டாடா அவ."

குமரனுக்குச் சிரிப்பு வந்துடுச்சு. சிரிச்சான், சிரிச்சுக்கிட்டே இருந்தான், அப்புறம் மூக்க உறிஞ்சிக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டான். அண்ணன் என்ன பண்றதுன்னு தெரியாம அவன் தோள்ல இருந்த பைய வாங்கித் தன் தோள்ல மாட்டிக்கிட்டாரு.

கொஞ்ச நேரம் கழிச்சு அவன் லென்ஸுக்கு மூடி போட்டான். பைக்குள்ள வெக்கப் போறான்னு பாத்தேன். அப்பா கையில குடுத்தான்.

"எனக்கு வேலைக்கு வேற இருக்குப்பா. இது வீட்டுலயே இருக்கட்டும். பொங்கலுக்கு வர்றப்ப இதுலதான் உங்க ரெண்டு பேரையும் எடுக்கணும்."

அண்ணன் ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டு என்னயப் பாத்தாரு. "அப்ப இத எதுல வெக்கறது தங்கச்சி?"

"எதுலயும் மூடி வெக்காதீங்கண்ணே. காத்தோட்டமா, வெளிச்சமா இருக்குற எடத்துல வெயுங்க, நேரா வெயில்ல வேணாம். அப்பப்ப கையில எடுத்து வளையத்தத் திருப்பிப் பாருங்க."

"தெனமுமா?"

"தெனமும் திருப்பிக் கழட்டிடாதீங்கப்பா"ன்னான் குமரன்.

ரெண்டு பேரும் படியிறங்குனாங்க. எனக்குக் காலு கடுத்துடுச்சு, ஸ்டூல்ல உக்காந்துட்டேன். பூரா நேரமும் நின்னுக்கிட்டே இருந்திருக்கேன், அப்பத்தான் தெரியுது. கீழேர்ந்து அவங்க சத்தம் வந்துக்கிட்டே இருந்துச்சு. ஒரு தடவைக்கு எவ்வளவு கற்பூரம் போட்டீங்க, கை நெறையவா, யாராவது கை நெறையப் போடுவாங்களா, நீ என்ன சொல்லிட்டாப் போன, ஒரு போன் பண்ணிக் கேக்க மாட்டீங்களா, நீ எடுத்தியா போன...

பாபு காதக் குடுத்துக் கேட்டுக்கிட்டு இருந்தாரு. ஒண்ணும் புரியல அவருக்கு.

"சண்டை போடுறாங்களா, அம்மா?"

"ஆமா பாபு."

தலைய ஆட்டிக்கிட்டாரு. எட்டிப்போயி, அவங்க சத்தம் நம்ம காதுல விழாம ஃபேன இன்னும் கொஞ்சம் வேகமா வெச்சுட்டு, ரெண்டு டீ சொன்னாரு.